லாங் டேக்கும் எங்கள் வீட்டு மூன்று படிகளும்

இந்தப் பூமியில் பிறந்தவர்களிலேயே சினிமாவை மிக அதிகமாக ரசித்தவனும், அந்த ரசனையால் பக்கத்தில் இருந்தவர்களின் உயிரை மிக அதிகமாக வாங்கியவனும் ஒரே ஆள்தான். அவன் லாங் டேக். நிஜப் பெயர் ஒன்று உண்டு, ஹால் டிக்கெட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

சினிமா என்றதும் நீங்கள் நினைக்கிற சினிமா இல்லை. பாட்டும் சண்டையும் அவனுக்கு ஆகாது. கதை இருந்தாலே முகத்தைச் சுளிப்பான். "கதையெல்லாம் சொல்லிக்கினு இருக்கான்டா அந்த ஆளு" என்று, ஏதோ குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல் வருத்தத்தோடு சொல்வான். அவனுக்குப் பிடித்தவை பரிசோதனைக் குறும்படங்கள். எந்தெந்த தேசத்திலோ எவரெவரோ எடுத்து, அவர்கள் வீட்டிலேயே யாரும் பார்த்திருக்க முடியாத படங்களையெல்லாம் இவன் தேடிப்பிடித்து, அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தான். அதிலும் அவன் உயிரையே விடுவது லாங் டேக்குக்கு. அதாவது, நடுவில் எங்கேயும் வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்துத் தள்ளும் நீண்ட காட்சி. அவன் பேச்சும் அப்படித்தான் இருக்கும் என்பதால் பெயர் பொருந்திவிட்டது.

ஆண்டு இரண்டாயிரத்துப் பதின்மூன்றோ பதினான்கோ. நாங்கள் இருவரும் பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் பையன். அவன் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. என் அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட். அவன் அப்பா அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட். நெய்வேலியில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த இரண்டு சொற்கள் போதும், கல்யாணப் பேச்சே இதில்தான் ஆரம்பிக்கும். ஆனால் எங்களுக்குள் அது பெரிதாக வந்ததில்லை. எங்களுக்குள் வந்ததெல்லாம் அவன் லேப்டாப்தான்.

முதல் தடவை அவன் எனக்குப் படம் காட்டியது கல்லூரி கேன்டீனில். திரை கறுப்பாக இருந்தது. கறுப்பாகவே இருந்தது. எங்கோ தூரத்தில் யாரோ நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, நல்ல எண்ணத்தோடு பேட்டரியைக் கழற்றி மாட்டினேன்.

அலறிவிட்டான். "என்னாடா பண்ணிட்ட! அதுதான்டா படம்!"

"கறுப்பா இருக்கேடா."

"மூணு நிமிஷம் கறுப்புதான். கண்ணுக்கு ஒண்ணும் குடுக்காம காத மட்டும் தொறந்து வுடுறாரு டைரக்டரு. பொறு. இப்பதான் ஆரம்பிக்குது."

இந்த "இப்பதான் ஆரம்பிக்குது" என்ற வாக்கியத்தை நான்கு வருஷத்தில் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். அதைச் சொன்னான் என்றால் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று பொருள். அன்று படத்தை முதலிலிருந்து போட்டான். மூன்று நிமிஷம் கறுப்பைப் பார்த்தேன். நான்காவது நிமிஷம் ஒரு ஜன்னல் தெரிந்தது, படம் முடிந்துவிட்டது. எதிரில் வைத்திருந்த என் சமோசாவை அதற்குள் யாரோ தின்றுவிட்டார்கள்.

இன்னொரு படத்தில் ஒரு பெண் கதவைத் திறப்பாள். அவ்வளவுதான். மறுபடியும் திறப்பாள். பதினோரு தடவை. "என்னடா, சிடி கீறலா?" என்றேன். மனம் நொந்துவிட்டான். "அதே மாரி தெரியுது, ஆனா அதே இல்லடா. பதினோராவது தடவ அவ கை ஒரு நொடி தயங்குது, பாத்தியா?" என்றான். போடா என்று எழுந்து வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்று வீட்டுக்குப் போய், அவன் கொடுத்திருந்த பென் டிரைவில் அந்தப் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பதினோராவது தடவை அவள் கை தயங்கத்தான் செய்தது. அதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நாற்பது படம் காட்டியிருப்பான்.

போனிலும் விடமாட்டான். எடுத்தால் காது சூடாகும்வரை டெக்னிக். அதனால் அவன் எண்ணை என் போனில் "எடுக்காதே" என்ற பெயரில் சேமித்து வைத்திருந்தேன். தப்பித்தவறி எடுத்துவிட்டால், அவன் மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து "அம்மா கூப்பிடுறாங்க" என்று வைத்துவிடுவேன். அம்மா அந்த நாட்களில் என்னை ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை கூப்பிட்டாள்.

அவன் ரசனைக்குப் பலியானவர்களில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியரும் ஒருவர். ஒரு தேர்வில், உங்களைக் கவர்ந்த படம் ஒன்றை ரசித்து எழுதுக என்று கேட்டிருந்தார். நாங்கள் எல்லோரும் ஹீரோ பெயரில் ஆரம்பித்து மூன்று பக்கம் ரொப்பினோம். லாங் டேக் முதல் மூன்று பக்கத்தை ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டு, நான்காம் பக்கத்தில் ஆரம்பித்திருந்தான். பேராசிரியர் அந்த நான்காம் பக்கத்துக்கு மட்டும் மார்க் போட்டார். இவன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனான். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"சார், நீங்க மொத மூணு பக்கத்தைப் படிக்கலங்க."

"அதுல என்னய்யா இருக்கு படிக்க?"

"படத்துல மொத மூணு நிமிஷம் கறுப்புத் திரைங்க சார். அத அனுபவிச்சாதான் நாலாவது நிமிஷத்துல வர்ற வெளிச்சம் புரியும்ங்க. நீங்க நேரா வெளிச்சத்துக்குப் பூட்டீங்க."

"அப்ப நான் வெறும் பேப்பரைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

"பக்கத்துக்கு ஒரு நிமிஷம் போதும்ங்க சார்."

பேராசிரியர் நல்ல மனிதர். பேப்பரைத் திரும்ப வாங்கினார். போட்டிருந்த மார்க்கை அடித்துவிட்டு, சிவப்பு மையில் பெரிதாக ஒரு முட்டை போட்டார். "இந்த வட்டத்தையும் ஒரு நிமிஷம் பாரு. வெளிச்சம் வரும்" என்று கொடுத்தார். வெளியே வந்ததும் இவன் சொன்னான்: "இல்லடா, அவருக்கும் கொஞ்சம் ரசன இருக்கு."

சரி, பார்ப்பதோடு நிறுத்தினானா என்றால் அதுவும் இல்லை. சொந்தமாகப் படம் எடுக்கக் கிளம்பினான். காடாம்புலியூரில் அவன் சித்தி வீட்டுத் தோட்டத்தில் ஒரு பலா மரம். அதில் ஒரு பழம் இன்றைக்கோ நாளைக்கோ விழும் என்ற நிலையில் இருந்தது. அது விழுவதை எடுக்கப் போகிறானாம். ஒரே ஷாட். பழம் தொங்கும், தொங்கும், தொங்கிக்கொண்டே இருக்கும், திடீரென்று இருக்காது. "பாக்கறவன் மூச்சு நின்னு பூடும்டா" என்றான். எனக்கு அப்போதே நின்றுவிட்டது. ஆனாலும் குடை பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். குடை எனக்கில்லை, கேமராவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மரத்தடியில் நின்றோம். பத்து மணி ஆனது. பழம் தொங்கியது. மதியம் ஒரு மணி ஆனது. தொங்கியது. முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மூன்றரை மணிக்கு கேமராவில் பேட்டரி தீர்ந்தது. மாற்றுப் பேட்டரி எடுத்துவர அவன் வீட்டுக்குள் போனான். நான் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தால் மரத்தில் பழம் இல்லை. அவன் சித்தப்பா அதை அறுத்து இறக்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"காலைலேருந்து ரெண்டு பேரும் பழத்தையே பாத்துக்கினு நிக்கிறீங்களே, கேக்கக் கூச்சப்படுறீங்களோன்னு நெனச்சேன்பா" என்றார் அந்தப் புண்ணியவான்.

நான் சுளை சாப்பிட்டேன். லாங் டேக் புதுப் பேட்டரியைப் போட்டு, பழம் இல்லாத காம்பை இருபது நிமிஷம் எடுத்தான். அதுதான் இன்னும் ஆழமான படமாம்.

அதோடு விட்டதா? திரும்பி வரும் பஸ்ஸில் கடைசி சீட், ஜன்னலோரம். அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி வைத்திருந்தான், அதை ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். "பஸ்ஸு ஜன்னலு எவ்ளோ பெரிய டிராவலிங் ஷாட்டு தெரியுமாடா? ஒரு எடத்துல கூட வெட்டு கெடையாது" என்று என்னையும் பார்க்க வைத்தான். டவுன்ஷிப்புக்கு இறங்க வேண்டிய ஆர்ச் கேட் வந்தது. எழுந்தேன். என் பையைப் பிடித்துக்கொண்டான். "இப்ப எழுந்தா ஷாட்டு ஒடஞ்சு பூடும்டா, பொறு" என்றான். விசில் அடித்துவிட்டார்கள். வடலூர் போனது. நான் அவனைத் திட்டிக்கொண்டே இருக்க, பஸ் சேத்தியாத்தோப்பு வரை போனது.

கண்டக்டர் வந்து நின்றார். "ஆர்ச் கேட்டுக்குத்தான டிக்கெட்டு எடுத்தீங்க?"

லாங் டேக் அவருக்கும் அட்டையைக் கொடுத்து, வெட்டாத காட்சியின் மகத்துவத்தை விளக்கினான். கண்டக்டர் பொறுமையாக ஓட்டை வழியாகப் பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, இருவது வருஷமா நான் இந்த ஷாட்டத்தான் பாத்துக்கினு வரேன். எறங்கு" என்றார்.

இப்படிப்பட்டவனை நம்பித்தான் என் அப்பா ரிட்டயர்மென்ட்டுக்கு வீடியோ எடுக்கச் சொன்னோம். எங்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை, மே மாதம் பிடித்திருந்தது.

நெய்வேலியில் ரிட்டயர்மென்ட் என்பது சின்னக் கல்யாணம். கடைசி நாள் ஷிப்ட் முடிந்ததும், கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, வேனில் உட்கார வைத்து, வெடி வெடித்து, வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். வாசலில் ஆரத்தி, உள்ளே சால்வை, கேசரி, வடை. பிறந்த மாதத்தின் கடைசி நாளில்தான் ரிட்டயர்மென்ட். இங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் எங்கள் அப்பாக்களை ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனபோது, யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. வயசு சரியாக வரட்டும் என்று ஹெட்மாஸ்டர்கள் ஆளாளுக்கு மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டின் அத்தனை மாவட்டத்து ஹெட்மாஸ்டர்களும் பேசிவைத்ததுபோல் செய்த அந்தக் காரியத்தின் பலன், ஐம்பத்தைந்து வருஷம் கழித்து நெய்வேலியில் வந்து விடியும். மே முப்பத்தொன்றாம் தேதி ஊரில் பாதிப் பேர் ரிட்டயர் ஆவார்கள். மாலை கிடைக்காது, வேன் கிடைக்காது, சமையல்காரர் கிடைக்கமாட்டார். வீடியோக்காரரை ஜனவரியிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

அப்பா சொல்லிவைக்கவில்லை. "அதெல்லாம் எதுக்கு" என்று இருந்துவிட்டார். நிஜத்தில் அப்பா பிறந்தது ஐப்பசியில், அடைமழையில். ஆனால் சர்ட்டிஃபிகேட்டில் மே.

அம்மாவுக்கு வீடியோ வேண்டும். வேண்டும் என்றால், சோறு தண்ணீர் மாதிரி வேண்டும். காரணம் என் பெரிய மாமா. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். "கண்காணாத ஊர்ல கரி வெட்டப் போறவனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் தடுத்தபோது, எல்லோரையும் எதிர்த்து நின்று அம்மாவை அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தவர். இப்போது இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். வர முடியாது. "மாலையும் கழுத்துமா அவர் வீட்டுக்கு வர்றதை எங்கண்ணன் பாக்கணும். அவன் குடுத்த இடம் சோடை போகலன்னு அவன் கண்ணால பாக்கணும்" என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த மாலையை இன்னொரு தடவை போட முடியாது. சுரங்கத்துக்குள் கேமராவுக்கு அனுமதி கிடையாது, அதனால் எடுப்பதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில்தான் எடுத்தாக வேண்டும்.

மந்தாரக்குப்பத்தில் எல்லா ஸ்டுடியோவும் ஏறி இறங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் "எடுக்காதே"வுக்கு நானே போன் போட்டேன்.

வந்தான். அம்மா அவனை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, பட்டியல் சொன்னாள். "இங்க பாரு தம்பி. வேன்ல இருந்து இறங்கறது வேணும். மாலையோட அவர் மொகம் நல்லா பளிச்சுனு வேணும். ஆரத்தி வேணும். ஆபீசர் சால்வை போத்தறது வேணும். வந்தவங்க ஒருத்தர் மொகம் விடாம எல்லாம் வரணும். எங்கண்ணனுக்கு அனுப்பணும்."

"எல்லாம் வரும்மா" என்றான், அம்மா சொல்லி முடிப்பதற்குள். அவன் ஒரு வார்த்தையில் பதில் சொன்னதே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. சாயங்காலம் வேன் வந்தது, வெடி வெடித்தது, அப்பா ரோஜா மாலைக்குள் பாதி மறைந்து இறங்கினார். அம்மா ஆரத்தி எடுத்தாள். கூட்டம் உள்ளே வந்தது. நான் கேசரித் தட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தேன். ஹாலில் அப்பாவின் ஆபீசர் சால்வையை விரித்துப் பிடித்தபடி நின்றார். சிரித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அப்பாவும் தலையைச் சற்றுக் குனிந்தபடியே நின்றார்.

"வீடியோ தம்பி எங்கப்பா?" என்றார் ஆபீசர், சிரிப்பைக் கலைக்காமல்.

வெளியே ஓடினேன். வாசலுக்கு எதிரே மாமரத்தடியில் இரண்டு செங்கல், செங்கல் மேல் கேமரா, கேமராவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு லாங் டேக். கேமரா எங்கள் வீட்டு வாசலின் மூன்று படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டையல்ல. படிகளை மட்டும்.

"டேய்! உள்ள சால்வை போடுறாங்கடா!"

"போடட்டும். சத்தம் கேக்குது."

"சத்தமா? எங்கம்மா மொகம் கேட்டாங்கடா!"

"மொகம் எல்லா வீடியோவுலயும் இருக்கும்டா. எல்லா வூட்டு மொகமும் வீடியோவுல ஒண்ணு மாரிதான் இளிக்கும். காலப் பாரு. ஒவ்வொரு காலும் இந்தப் படிய ஒரு மாரி ஏறுது. ஃப்ரேமுக்கு வெளியில என்னா நடக்குதோ அதுதான்டா படம்."

கேமராவைத் தூக்கப் போனேன். "தொடாத!" என்று கத்தினான். "இப்பதான் ஆரம்பிக்குது!"

அவனை அங்கேயே கொன்றிருப்பேன், கையில் கேசரித் தட்டு இருந்தது. உள்ளே யாரோ ஒருவர் செல்போனில் ஒரு படம் எடுத்தார். அதில் ஆபீசரின் காதும், எடுத்தவரின் கட்டைவிரலும் நன்றாக விழுந்திருந்தன.

நடந்ததை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரத்தில் டிவிடி வந்தது. அம்மா தெருவையே கூப்பிட்டுவிட்டாள். டிவி முன்னால் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். திரையில் மூன்று படி வந்தது. கால்கள் வந்தன. ஆரத்தித் தட்டின் அடிப்பாகம் வந்தது. மாலையிலிருந்து உதிர்ந்த இரண்டு இதழ் விழுந்தன. அப்பாவின் பூட்ஸ் கால்கள் ஏறின, நின்றன, பூட்ஸைக் கழற்றி வழக்கமான மூலையில் வைத்துவிட்டு உள்ளே போயின. அதன்பின் செருப்புகள். செருப்புக்கு மேல் செருப்பு.

"இது நம்ம படிதான?" என்றாள் அம்மா.

"எஞ் செருப்பு!" என்று துள்ளினார் பக்கத்து வீட்டு அக்கா. "அன்னிக்குக் காணாம போச்சே, அதுதான்!"

பதினோராவது நிமிஷத்தில் அம்மா எழுந்து டிவியை அணைத்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் முப்பது வருஷத்து டவுன்ஷிப் பேச்சு போய்விடும், கோவில்பட்டி திரும்பி வந்துவிடும். அன்று வந்தது. "கட்டையில போறவன்! ஒரு மொகம் உண்டுமா இதுல? எங்கண்ணனுக்கு நான் செருப்பையா அனுப்புவேன்? இனிமே அவன் இந்தப் படிய மிதிக்கட்டும், கால ஒடிச்சிப்புடுதேன்" என்றவள், அடுக்களைக்குள் போய் அழுதாள். அவள் அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. லாங் டேக்குக்கு போன் போட்டு, நாலு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துத் திட்டினேன். "முழுசா பாத்தீங்களாடா?" என்றான். "பாக்க மாட்டோம். இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று வைத்தேன். அவன் நிஜமாகவே பண்ணவில்லை.

அப்பா டிவிடியை எடுத்து உறையில் போட்டு வைத்தார், அவ்வளவுதான். அப்பா எப்போதும் பேசமாட்டார்.

பத்து நாள் கழித்து மாமா கூப்பிட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வீடியோ வந்துச்சு. பாத்துட்டேன்" என்றார் மாமா.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாருண்ணே அனுப்புனா?"

அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ரிட்டயர் ஆன மனுஷன் டிவிடிக்கு ஒரு காப்பி போட்டு, கூரியர் ஆபீசுக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாது.

"அதப் போய்ப் பாத்தியாண்ணே? அதுல ஒண்ணுமே இல்லையே..."

"கட்டில்ல கெடக்கறவனுக்கு வேற என்ன சோலி? முழுசாப் பாத்தேன். மூணு தடவ பாத்தேன். நீ முப்பத்தொண்ணாவது நிமிஷம் பாத்தியாத்தா?"

"இல்லண்ணே."

"போய்ப் பாரு. அப்புறம், தடி தடியா கால் உள்ள ஒருத்தரு, வரும்போது ஒரு செருப்புல வந்து, போகும்போது வேற பொம்பளச் செருப்ப மாட்டிட்டுப் போறாரு. அதையும் பாரு."

போட்டோம். நான், அம்மா, அப்பா, மூன்று பேர்தான். முப்பதாவது நிமிஷம் வரை செருப்புகள்தான். உள்ளே ஆபீசர் பேசுகிறார், கைதட்டுகிறார்கள், "இலை போட்டாச்சு, எல்லாரும் கொல்லைப்பக்கம் வாங்க" என்று யாரோ கூப்பிடுகிறார்கள். கூட்டம் பின்பக்கம் நகர, சத்தம் மெல்லக் குறைகிறது. காசு வாங்குகிற எந்த வீடியோக்காரரும் அந்த இடத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்கு ஓடியிருப்பார்.

காலியான படியில் இரண்டு கால்கள் இறங்கி வந்தன. அப்பா. மாலை இல்லை, சால்வை இல்லை. நடுப்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்தத் தாழ்ந்த கேமராவுக்கு நேராக அவர் முகம் வந்து நின்றது. மூலையில் கிடந்த பூட்ஸை எடுத்தார், அதன் நாடாவை உள்ளே திணித்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார். அழவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். முப்பத்து மூன்று வருஷம் ஷிப்ட் ஷிப்ட்டாக ஓடிய மனிதர் சும்மா இருந்து அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பிறகு ஒரு பட்டுப்புடவையின் கரை வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவிக்கு முன்னால் இருந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?" என்று திரையில் அப்பா கேட்டார்.

"எந்திரிச்சு எங்க போகப் போறீங்க?"

"இல்ல. கேட்டேன்."

கேமரா அசையவில்லை. உள்ளே பாத்திரம் விழும் சத்தம். பிறகு அம்மா சொன்னாள்: "நான் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன். காப்பி போடுவேன். எந்திரிங்க."

அப்பா தலையாட்டினார். அம்மா அவர் சட்டையில் ஒட்டியிருந்த ரோஜா இதழை எடுத்தாள். கூப்பிடும் சத்தம் கேட்டு இருவரும் எழுந்து உள்ளே போனார்கள். மறுபடி மூன்று படி.

"இப்படிச் சொன்னேனா நான்?" என்றாள் அம்மா. அப்பா பேப்பரைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது.

மாமாவுக்கு அம்மா திரும்பப் போன் போட்டாள். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "மாலை போட்ட மொகத்த எவனும் காட்டுவான் ஆத்தா. நான் குடுத்த எடம் எப்படின்னு எனக்கு இதுல தெரிஞ்சிருச்சு."

அன்று மாலை நான் "எடுக்காதே"வைக் கூப்பிட்டேன்.

"முழுசா பாத்தேன்டா" என்றேன்.

"எங்க தயங்குச்சு?"

"நாடாவ உள்ள திணிக்கற எடத்துல."

சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு நொடி பேச்சு வரவில்லை. நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "ஏன்டா அவங்க வந்து உக்காந்தப்பகூட நீ நகரல? கூச்சமா இல்ல?" என்று கேட்டேன்.

"இருந்துதுடா. கண்ண மூடிக்கினுதான் நின்னேன், கேமராதான் பாத்துது" என்றான். பிறகு சொன்னான்: "எங்கப்பா காண்ட்ராக்டுடா. போன வருஷம் ஒரு நாளு, நாளைலேருந்து வர வேணாம்னாங்க. மறுநாளு போவல. அவ்ளோதான். மாலை, வேனு, ஒண்ணும் கெடையாது. அன்னிக்கி அவரு வூட்டுக்கு எப்ப வந்தாரு, செருப்ப எங்க வுட்டாருன்னுகூட நான் பாக்கல. அதான் உங்கப்பா வர்றத மொதலேருந்து கடசி வரிக்கும் பாக்கணும்னு நின்னேன். நடுவுல எத வெட்டுறது, நீயே சொல்லு."

நான் பதில் சொல்லும்வரை அவன் காத்திருக்கவில்லை. கேமராவைச் செங்கல் மேல் வைத்ததற்கும் ஸ்டாண்டில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஆரம்பித்தான். அங்கிருந்து கறுப்புத் திரைக்குப் போனான், பலாப்பழத்துக்குப் போனான். அடுக்களையிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள், இந்தத் தடவை நிஜமாகவே. அந்தப் பையனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல் என்றாள். சொல்லலாம் என்று பார்த்தால் அவன் மூச்சு வாங்கினால்தானே. நான் வெளியே வந்து நடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். காது சூடாகிவிட்டது, போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். ஐம்பது நிமிஷம் பேசினான், நான் போனை வைக்கவில்லை.